38 ஏக்கரும் ஒரு சம்மனும்

கேள்வி: சார், நாங்கள் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்கு வெளியே குடியிருக்கிறோம். நான் எச்-1பி விசாவில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைதோறும் வெண்டைக்காய், கீரை வாங்கப் போகும் பண்ணைக் கடையை ஒரு கறுப்பினத் தம்பதி நடத்துகிறார்கள். இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். 38 ஏக்கர். அந்த அம்மாளின் தாத்தா வாங்கியது. அவர் 1938-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பத்திரம் இன்றுவரை அவர் பெயரில்தான். வரி கட்டுவது இவர்கள்.

போன வாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் சித்தப்பா மகன் தன் பங்கை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாராம். அந்த நிறுவனம் நிலம் முழுவதையும் விற்றுப் பணமாகப் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கடன் கேட்டுப் போனால், "உங்களுக்குப் பண்ணை எண் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். கறுப்பின விவசாயிகளுக்கான கடன் தள்ளுபடியை வாங்கித் தருவதாக ஒருவர் 500 டாலர் கேட்கிறார். என் கணவர், "நாமே ஒரு பங்கை வாங்கிக்கொண்டால் அவர்களுக்கு ஆதரவாக இருக்குமே" என்கிறார். இதற்கிடையில் மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்குப் போய்ச் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்க ஒரு குழு கிளம்புகிறது. என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா? இது நம் ஊர் கூட்டுப் பட்டா மாதிரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சம்மன். மற்றதெல்லாம் அப்புறம். தென் கரோலினாவில் சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது என்கிறீர்கள். சார்ல்ஸ்டனிலேயே 'சென்டர் ஃபார் ஏர்ஸ் ப்ராபர்ட்டி ப்ரிசர்வேஷன்' என்ற அமைப்பு இருக்கிறது. இந்த ஒரு வகைச் சிக்கலுக்காகவே இருப்பது. திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாளை அங்கே கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களால் எடுக்க முடியாவிட்டால் யாரிடம் போவது என்றாவது சொல்வார்கள். பதில் மனுவை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும், வழக்கறிஞர் அல்லாதவர் அதைச் செய்வது இங்கே குற்றம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கூட்டுப் பட்டா மாதிரியா? பாதிக்கு மேல் அதேதான். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் வாரிசுகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காக இறங்குகிறது. இங்கே அதை 'ஏர்ஸ் ப்ராபர்ட்டி' என்பார்கள். யாருக்கும் "இந்த மூலை என்னுடையது" என்று கிடையாது. ஒவ்வொரு கைப்பிடி மண்ணிலும் எல்லோருக்கும் பங்கு. இரண்டு தலைமுறை போனால் பங்காளிகள் முப்பது பேர், நாற்பது பேர். நிலத்தை ஒருநாளும் பார்க்காதவர்களும் அதில் இருப்பார்கள்.

வித்தியாசம், அந்நியர் உள்ளே நுழையும்போது தெரிகிறது. நான் மதுரையில் ஆறு வருடம் சிவில் வழக்குகள் நடத்திவிட்டு இங்கே வந்தவன். 1893-ஆம் வருடத்து இந்தியப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் நாலாவது பிரிவு எனக்கு மனப்பாடம். பிரிபடாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை அந்நியர் வாங்கி, பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைக் கோர்ட் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இங்கே வந்த புதிதில் ஒரு வழக்கைப் பார்த்தேன். குடும்பத்தில் யாரோ ஒருவரின் சிறு பங்கை வாங்கியவர் கேட்டார் என்பதற்காக மொத்த நிலமும் ஏலத்துக்குப் போனது. ஏலம் கேட்கக் கையில் ரொக்கம் வேண்டும். குடும்பத்திடம் இல்லை, பங்கை வாங்கியவரிடம் இருந்தது. சந்தை விலையில் பாதிகூட வரவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நாலாவது பிரிவு எங்கே என்று பக்கத்திலிருந்த வக்கீலிடம் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்.

இந்த மாநிலத்தில் அதற்கென்று விரிவான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஜனவரியில். சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: கிளெமெண்டா பிங்க்னி சட்டம். 2015 ஜூன் 17 இரவு சார்ல்ஸ்டன் இமானுவேல் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற ஒன்பது பேரில் ஒருவர் பிங்க்னி. அந்தச் சபையின் போதகர், மாநில செனட்டரும்கூட. நீங்கள் அந்தத் தெருவில் நடந்திருப்பீர்கள். சட்டத்தின் மூல வரைவு 2010-இல் தயாரானது. மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டங்கள் எழுதிக் கொடுக்கும் ஆணையத்துக்காக அதை முன்னின்று எழுதியவர் தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியர். முதலில் ஏற்றது நெவாடா. தெற்கில் ஜார்ஜியா, அலபாமா, அப்புறம் தென் கரோலினா, டெக்சாஸ், மிசிசிப்பி என்று ஒவ்வொன்றாக வந்தன.

சரி, உங்கள் கடைக்கார அம்மாளுக்கு இது என்ன தருகிறது?

கோர்ட் முதலில் இது ஏர்ஸ் ப்ராபர்ட்டிதானா என்று பார்க்கும். பங்குகளில் 20 சதவீதமாவது உறவினர் கையில் இருக்கிறதா என்பது போன்ற சில அளவுகோல்கள் உண்டு. இவர்கள் குடும்பம் அதில் எளிதாகத் தேறும். அடுத்து, நடுநிலையான மதிப்பீட்டாளரை வைத்து நிலம் முழுவதற்கும் விலை போடச் சொல்லும். பிறகுதான் முக்கியமான படி. விற்றுப் பணமாகத் தா என்று கேட்டவர் யாரோ, அவருடைய பங்கை மற்றப் பங்காளிகள் வாங்கிக்கொள்ளலாம். விருப்பம் தெரிவிக்க 45 நாள். பணம் கட்ட அதன் பிறகு குறைந்தது 60 நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாத்தாவுக்கு ஆறு பிள்ளைகள், அந்தச் சித்தப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியாக்காரர் பங்கு பதினெட்டில் ஒன்று. நிலத்தின் மதிப்பு 3,60,000 டாலர் என்று வந்தால், அந்த நிறுவனத்தை வெளியே அனுப்ப வேண்டிய தொகை 20,000 டாலர். சின்னத் தொகை இல்லை. ஆனால் 38 ஏக்கரை ஏலத்தில் மீட்பதோடு ஒப்பிட்டால், பங்காளிகள் பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் சேர்ந்துவிடும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் உரிமை, "விற்பனை" கேட்டவரின் பங்கின் மீதுதான். கோபத்தில் குடும்பத்தில் யாராவது, "சரி, எங்களுக்கும் விற்றுப் பணமாகவே கொடுங்கள்" என்று பதில் மனுவில் எழுதிவிட்டால், அவர் பங்கும் மேசைக்கு வந்துவிடும். விற்பனை கேட்டவருக்கு வாங்கும் உரிமை கிடையாது என்பதால், நிறுவனத்தின் பங்கை வாங்கும் வாய்ப்பையும் அவர் இழந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு பங்காளியிடமும் ஃபோனில் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை: விற்பனை என்று கேட்காதே.

பணம் புரளவில்லை என்றாலும் கதை முடியவில்லை. கோர்ட் நிலத்தையே அளந்து பிரித்துக் கொடுக்க முடியுமா என்று பார்த்தாக வேண்டும். அப்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது: எத்தனை காலமாக அனுபவிக்கிறார்கள், மூதாதையர் நிலமா, அதன் மேல் மனப் பிணைப்பு உண்டா, பிழைப்பு அதில்தானா, வரியைத் தங்கள் பங்குக்குக் கட்டினார்களா. மனப் பிணைப்பு என்பது சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. என் தொழிலில் அது அபூர்வம். வரி ரசீதுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்கூட, தரகர் மூலம் சந்தை விலைக்கு விற்பதுதான் முதல் வழி. ஏலம் கடைசியில்தான்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: பங்கை வாங்க வேண்டாம். அவர் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்திரத்தில் நீங்கள் ஏறினால் நீங்களும் ஓர் அந்நியர்தான். நாளைக்கு உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரும், பணம் தேவைப்படும், அந்தப் பங்கு எங்கே போகும்? கையில் பணம் இருந்தால் அந்த 20,000-க்குக் கொஞ்சம் கடனாகக் கொடுங்கள், சாதாரண கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேளாண்மைத் துறையிலும் இதற்கென்று ஒரு கடன் திட்டம் இருக்கிறது. துறை 1 சதவீத வட்டிக்கு இடைநிலை அமைப்புகளுக்குக் கொடுக்கும், அவர்கள் வாரிசுகளுக்குக் கொடுப்பார்கள். பங்காளியின் பங்கை வாங்கவும், பத்திரத்தைச் சரிசெய்யவும் பயன்படுத்தலாம். ஆனால் கோர்ட் கெடுவுக்குள் அந்தப் பணம் வந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

பண்ணை எண் விஷயத்துக்கு வருகிறேன். கேட்கச் சாதாரணமாக இருக்கும். நம் ஊரில் சிட்டா, அடங்கல் இல்லாமல் பயிர்க்கடன் கேட்டுப் போனால் என்ன ஆகும்? அதேதான். எஃப்.எஸ்.ஏ. எனப்படும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வேளாண் அலுவலகத்தில் அந்த எண் இல்லாவிட்டால் கடன் கிடையாது, புயல் நிவாரணம் கிடையாது, மண்வளத் திட்டம் எதுவும் கிடையாது. பத்திரம் தாத்தா பெயரில் இருப்பதால் எண்ணும் கிடையாது என்பதுதான் பல பத்தாண்டு நடைமுறை.

2018-இல் அதை மாற்றினார்கள். அலபாமாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டக் ஜோன்ஸும், இந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் டிம் ஸ்காட்டும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா அந்த ஆண்டின் வேளாண் சட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அதன்படி பத்திரம் இல்லாமலே எண் வாங்கலாம். பிங்க்னி சட்டம் போன்ற சட்டம் உள்ள மாநிலமாக இருந்தால், இது ஏர்ஸ் ப்ராபர்ட்டி என்ற கோர்ட் உத்தரவு போதும். அல்லது உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு ஒருவர் பெயர் மாற்ற நடவடிக்கையைத் தொடங்கிவிட்டார் என்று பதிவு அலுவலகம் தரும் சான்று. அது இல்லாவிட்டால், பங்காளிகளில் பெரும்பான்மையோர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதுவும் இல்லாவிட்டால் ஐந்து வருட வருமான வரிக் கணக்கு. இந்த நிலத்தில் விவசாயம் செய்யும் பொறுப்பு என் கையில் இருக்கிறது என்ற சுய உறுதிமொழிக்கும் இடம் இருக்கிறது. அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பிய அலுவலருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். மறுபடி போகும்போது ஒருவர் கூடப் போங்கள். எழுத்தில் மனு கொடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "இல்லை" மேல்முறையீட்டுக்கு உதவாது.

அந்த எண்ணோடு இன்னொன்றும் வருகிறது, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு கவுண்டியிலும் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்கிறது. நவம்பரில் வாக்குச் சீட்டு தபாலில் வரும். அலுவலகத்தில் பண்ணை பதிவாகியிருந்தால்தான் ஓட்டு. 1960-களில் அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் கறுப்பின இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போய் இந்தத் தேர்தலுக்கு ஆள் திரட்டினார்கள். பருத்தி எத்தனை ஏக்கர் போடலாம் என்பதை முடிவு செய்தது இந்தக் குழுதான். அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அலபாமாவில் ஓட்டைச் சிதறடிக்க எதிர்த்தரப்பு என்ன செய்தது தெரியுமா? சீட்டில் கறுப்பின வேட்பாளர் பெயர்களையே வரிசையாகச் சேர்த்துவிட்டது. நம் ஊரில் ஒரே பெயரில் நாலு சுயேச்சைகள் நிற்பார்களே, அந்த வித்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இன்று கடன் முடிவுகள் அந்தக் குழுவிடம் இல்லை. ஆனால் நிவாரணம், மண்வளத் திட்டம், அலுவலகத் தலைவர் நியமனம் எல்லாம் இருக்கிறது.

500 டாலர் கேட்பவரிடம் ஒரு காசு கொடுக்க வேண்டாம். அவர் எதை வைத்துப் பேசுகிறார் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது.

திமோதி பிக்ஃபோர்டு என்ற வட கரோலினா விவசாயியும் மற்றவர்களும் 1997-இல் வேளாண்மைத் துறைமேல் வழக்குப் போட்டார்கள். கறுப்பர் என்பதாலேயே கடனை மறுத்தார்கள், தாமதித்தார்கள் என்பது வழக்கு. 1999-இல் சமரசம். பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர். கெடு தவறியவர்களுக்காக 2010-இல் இன்னொரு 125 கோடி டாலர். அப்புறம் 2021-இல் கோவிட் நிவாரணச் சட்டத்தில், கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மை விவசாயிகளின் அரசுக் கடனில் 120 சதவீதத்தைக் கட்டிவிடுவதாக வந்தது. கடனும் அதற்கான வரியும் சேர்த்து. வெள்ளை விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். அந்த ஜூனிலேயே கோர்ட்டுகள் நிறுத்திவைத்தன. மறு ஆண்டு நாடாளுமன்றமே அந்தப் பிரிவை நீக்கியது. பதிலுக்கு, கடன் நெருக்கடியில் இருக்கும் எந்த இனத்தவருக்கும் 310 கோடி, பாகுபாட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 220 கோடி என்று மாற்றினார்கள். இரண்டாவது திட்டத்தின் கடைசி நாள் 2024 ஜனவரி 13. அந்த ஜூலையில் 43,000 பேருக்கு மேல் பணம் போய்ச் சேர்ந்தது. கதவு மூடியாகிவிட்டது. திறந்திருந்த காலத்திலும் விண்ணப்பம் இலவசம்தான்.

2025 ஜூலையில் வேளாண்மைத் துறை ஒரு படி மேலே போய், இனத்தையும் பாலினத்தையும் வைத்துத் தரும் முன்னுரிமையை இனித் தன் திட்டங்களில் பயன்படுத்துவதில்லை என்று விதி போட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொலம்பியாவுக்குப் போகும் குழுவோடு சேரப் போகிறீர்கள். 1920-இல் இந்த நாட்டில் 9,25,000 கறுப்பின விவசாயிகள், மொத்தத்தில் ஏறக்குறைய 14 சதவீதம். 2017 கணக்கெடுப்பில் 48,697 பேர், 1.4 சதவீதம். இந்த எண்களைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். குழுவில் பேசுபவர்கள் இதில் தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும். ஆனால் கேட்பது என்ன என்ற இடத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்ட நிவாரணம் ஒரு கோர்ட் உத்தரவில் நின்றுபோனது. "பத்திரம் தாத்தா பெயரில் இருக்கிறது" என்ற ஓட்டையைச் சொல்லி வாங்கிய சட்டங்கள், மாநிலத்தில் பிங்க்னி சட்டமும் ஒன்றிய அரசில் 2018 மாற்றமும், இரண்டு கட்சிக்காரர்களின் ஓட்டோடும் நிற்கின்றன. நிறத்தைப் பார்த்துப் பறித்ததை, நிறத்தைச் சொல்லாமல் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கும் அது கசக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்த அம்மாளின் 38 ஏக்கரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

அதனால் குழு கேட்க வேண்டியது மூன்று விஷயம் என்பேன். சட்டம் இருந்தும் வக்கீல் வைக்க வழியில்லாத குடும்பங்களுக்கு, பத்திரம் சரிசெய்யும் சட்ட உதவிக்கு பட்ஜெட்டில் பணம். கோர்ட் வைக்கும் மதிப்பீட்டாளரின் செலவு ஏழைக் குடும்பத்தின் தலையில் விழாமல் ஒரு வழி. வரிப் பாக்கிக்காக நிலத்தை ஏலம் விடுமுன், தெரிந்த வாரிசுகள் எல்லோருக்கும் அறிவிப்பு. இங்கே வரி ஏலத்தில் போனதை மீட்க 12 மாதம்தான் அவகாசம்; அறிவிப்பு செத்துப்போன தாத்தா பெயருக்கு வந்தால் யார் பிரித்துப் படிப்பது? போகும்போது அந்தப் பண்ணை இருக்கும் தொகுதியின் உறுப்பினரைப் பாருங்கள். அவர் எந்தக் கட்சி என்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த அம்மாள் சம்மனைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசினால் போதும்.

நீங்கள் போகலாமா? போகலாம். விசாவில் இருப்பவருக்கும் பேச்சுரிமை உண்டு, மக்கள் பிரதிநிதியைப் பார்த்துக் கோரிக்கை வைக்கும் உரிமை உண்டு. சம்பளம் வாங்கக் கூடாது. வழக்கமாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை அந்த அமைப்புக்கு இலவசமாகச் செய்வதும் எச்-1பியில் சிக்கலாகலாம். ஒருநாள் கூடப் போவது வேறு. தேர்தல் நிதிக்கு ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் அது. சந்தேகம் இருந்தால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கோர்ட்டிலும் சரி, எஃப்.எஸ்.ஏ.-யிலும் சரி, சட்ட உதவி மையத்திலும் சரி, முதலில் கேட்கப்போவது வம்சாவளி. தாத்தாவின் ஆறு பிள்ளைகள் யார், யார் எப்போது இறந்தார், யாருக்கு யார் பிள்ளை, மறுமணம் உண்டா, இப்போது எந்த ஊரில். அந்த அம்மாளுக்கு இதெல்லாம் நினைவில் இருக்கும். அவருக்கு மட்டும்தான் இருக்கும். தேவாலயப் பதிவேடும், குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்பும், கல்லறைக் கற்களும் உதவும். வருகிற சனிக்கிழமை வெண்டைக்காய் வாங்கப் போகும்போது ஒரு நீளக் காகிதமும் பென்சிலும் எடுத்துப் போங்கள். மையில் எழுத வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.